விருந்தினருக்கு எந்த வாசல்? – மெய்நிகர்க் கணினியின் வலையட்டையும் நம் வகுப்புத் தமிழும்

தொழில்நுட்பத்தைப் பாராட்டித் தமிழில் எழுத நமக்கு நன்றாகவே வரும். உலகம் கைக்குள் வந்துவிட்டது என்று தொடங்கி, நன்மை நான்கு, தீமை மூன்று, கடைசியில் "அளவோடு பயன்படுத்துவோம்" என்று முடிக்கும் கட்டுரையை எஸ்.பி.எம். மாணவர் யாரைக் கேட்டாலும் எழுதிக் கொடுத்துவிடுவார். அதே மாணவரிடம், "ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டி, அதற்கு இணைய இணைப்பு கொடுப்பது எப்படி? பத்து வரியில் எழுது" என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிடும்.

ஆசிரியர் நண்பர்களே, அந்தப் பேனா நிற்கும் இடத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். எடுத்துக்கொண்ட பொருள் சிறியது: வெர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் ஓடும் ஒரு லினக்ஸ் அல்லது ஃப்ரீ பி.எஸ்.டி. கணினிக்கு வலையட்டையை அமைப்பது. இதைச் சொல்லப் பயன்படும் கையேடு, அதைத் தமிழாக்கும்போது நாம் எடுக்கும் சொற்கள், அந்தச் சொற்களால் வேலை நடக்கிறதா என்பது – இந்த மூன்றையும் மதிப்பிடுவதே நோக்கம். "தமிழ் டீச்சருக்கு இது எதுக்கு?" என்று கேட்கலாம். அறிவியல் பாடத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, தமிழ் என்பது கட்டுரைக்கும் செய்யுளுக்கும் மட்டுமான மொழியாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது. ஒரு வேலையைச் செய்து முடிக்கத் தமிழ் உதவும் என்பதை அவர்கள் எங்கேயாவது ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. கட்டுரையில் மங்கலாக எழுதினால் நாம் பாவம் பார்த்து இரண்டு மதிப்பெண் போடுவோம். கணினி அரை மதிப்பெண்கூடப் போடாது. சொன்னது சரியாக இருந்தால் இணைப்பு வரும். இல்லையென்றால் "டீச்சர், லைன் இல்ல" என்ற குரல்தான் வரும். தமிழ் உரைநடைக்கு இப்படிக் கறாரான தேர்வாளர் வேறு கிடைக்க மாட்டார்.

1. 'போன்ற' என்ற உருபு

தொடக்கத்திலேயே ஓர் இலக்கணச் சேதி. லினக்ஸையும் ஃப்ரீ பி.எஸ்.டி.யையும் "யூனிக்ஸ் போன்ற" இயங்குதளங்கள் என்பார்கள். நம் மாணவர்கள் 'போன்ற' என்பதை உவமை உருபு என்று அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். இங்கே அந்த உருபு அழகுக்காக வரவில்லை. யூனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்கியது. இன்று அந்தப் பெயர் 'தி ஓப்பன் குரூப்' என்ற அமைப்பின் பதிவு பெற்ற வணிகக்குறி. அதன் சான்று பெற்ற இயங்குதளம்தான் தன்னை யூனிக்ஸ் என்று சொல்லிக்கொள்ளலாம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும், 1993-இல் வெளிவந்த ஃப்ரீ பி.எஸ்.டி.யும் யூனிக்ஸ் மாதிரி நடந்துகொள்கின்றன. ஆனால் அந்தப் பெயரில் அழைக்கப்படுவதில்லை. அதனால்தான் 'போன்ற'. ஓர் உருபு சட்டத்தின் வேலையைச் செய்கிறது. மொழிபெயர்ப்பில் அதை விட்டுவிட்டு "யூனிக்ஸ் இயங்குதளமான லினக்ஸ்" என்று எழுதினால் பொருள் பிழை.

2. கையேட்டின் பலமும் குறையும்

வெர்ச்சுவல்பாக்ஸ் ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனத்தில் உருவானது. 2007-இல் திறந்த மூலமாக வெளிவந்தது. 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்க, 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. பள்ளிக்கு இதன் பயன் தெளிவு. ஆய்வகக் கணினியில் இருக்கும் விண்டோஸைத் தொடாமலே அதற்குள் லினக்ஸை ஓட்டலாம். மாணவர் அதைக் கெடுத்துவிட்டால் அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

அதன் பயனர் கையேட்டில் மெய்நிகர் வலையமைப்புக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் மிகச் சிறந்த பகுதி ஓர் அட்டவணை. விருந்தினர் கணினியிலிருந்து வீட்டுக் கணினிக்கு, வீட்டுக் கணினியிலிருந்து விருந்தினருக்கு, ஒரு விருந்தினரிடமிருந்து இன்னொரு விருந்தினருக்கு, விருந்தினரிடமிருந்து வெளியுலகுக்கு, வெளியுலகிலிருந்து விருந்தினருக்கு – இப்படி ஐந்து திசைகளை எடுத்துக்கொண்டு, எந்த இணைப்பு முறையில் எந்தத் திசை திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று கூட்டல் குறி, கழித்தல் குறியால் காட்டுகிறது. பத்துப் பக்க விளக்கம் செய்ய முடியாததை அந்த ஒரு கட்டம் செய்துவிடுகிறது. கருத்துணர்தல் பயிற்சிக்கு இப்படிப்பட்ட அட்டவணைகளை நாம் இன்னும் அதிகமாக எடுத்தாள வேண்டும்.

குறை பெயரிடுவதில் இருக்கிறது. 'நேட்' என்று ஒரு முறை. 'நேட் நெட்வொர்க்' என்று இன்னொரு முறை. பெயர் கிட்டத்தட்ட ஒன்று, நடத்தை வேறு. முதலாவதில் இரண்டு விருந்தினர் கணினிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. இரண்டாவதில் பார்க்க முடியும். புதிதாக வருபவர் இங்கேதான் வழுக்கி விழுகிறார். மூலத்திலேயே பெயர் குழப்பமாக இருக்கும்போது, அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் குழப்பமும் சேர்ந்தே குடிபெயரும். தமிழில் எழுதுபவர் முதலில் நடத்தையைச் சொல்ல வேண்டும், பிறகுதான் பெயரைச் சொல்ல வேண்டும்.

3. விருந்தோம்பியா, புரவலரா?

உள்ளே ஓடும் கணினியை ஆங்கிலம் 'கெஸ்ட்' என்கிறது, அதைத் தாங்கும் கணினியை 'ஹோஸ்ட்' என்கிறது. தமிழில் முதலாவதுக்கு 'விருந்தினர்' என்பதில் பெரிய சண்டை இல்லை. இரண்டாவதுக்குப் 'புரவலர்' என்று எழுதுபவர்களும் உண்டு, 'விருந்தோம்பி' என்று எழுதுபவர்களும் உண்டு. எது பொருத்தம்?

புரவலர் என்றதும் நம் மனத்தில் வரும் இணைச்சொல் இரவலர். கொடுப்பவர், பெறுபவர். விருந்தினர் கணினிக்குச் சொந்தமாக எதுவும் கிடையாது. நினைவகம், வட்டு, செயலியின் நேரம் எல்லாமே தாங்கும் கணினி அளந்து கொடுப்பதுதான். அந்தக் கோணத்தில் பார்த்தால் புரவலர் நல்ல சொல். ஆனால் வலையமைப்பு என்று வரும்போது கேள்வியே வேறு: வந்தவர் எந்த வாசல் வழியாகப் போவார், யாரிடம் பேசலாம், அவரைத் தேடி வெளியாள் வந்தால் உள்ளே விடுவதா வேண்டாமா? இது வீட்டின் கதை. அரசவையின் கதை அல்ல. திருக்குறளின் 9ஆம் அதிகாரத்துக்கு விருந்தோம்பல் என்று பெயர் வைத்த மொழிக்கு இந்தச் சொல் அந்நியமில்லை. ஆகவே வலையமைப்பைப் பேசும் இடத்தில் 'விருந்தோம்பி'தான் சரி என்பது என் கருத்து. வகுப்பில் வாய்ப்பேச்சாகச் சொல்லும்போது 'வீட்டுக் கணினி' என்றாலே போதும், பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

இன்னொன்றையும் மாணவருக்குச் சொல்லலாம். 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் சொல்லும் எட்டு வனப்புகளில் ஒன்றின் பெயர் விருந்து. புதிதாகப் பாடுவது என்ற பொருளில் அது வருகிறது. வீட்டுக்குப் புதிதாக வந்தவர் விருந்தினர். பழைய இயங்குதளத்துக்குள் புதிதாக வந்து இறங்கும் இயங்குதளத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கடினம்.

'மெய்நிகர்' என்பதையும் பாராட்ட வேண்டும். மெய்க்கு நிகர் என்று விரியும். நான்காம் வேற்றுமைத் தொகை. 'பொய்யான கணினி' என்றோ 'கற்பனைக் கணினி' என்றோ சொல்லியிருந்தால் கெட்டிருக்கும், ஏனென்றால் அந்தக் கணினி செய்யும் வேலை நிஜம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் 'இயங்கலை' என்ற சொல்லைப் போலவே 'மெய்நிகர்' என்பதையும் நம் பிள்ளைகள் தினமும் கேட்டுப் பழகிவிட்டார்கள். பழகிய சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று தேட வேண்டாம்.

4. மஸ்ஜித் இந்தியா கடைவீடும் நான்கு வாசலும்

இனி விளக்கம். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் ஒரு கடைவீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கீழே துணிக்கடை, மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள். கடைதான் விருந்தோம்பி, மாடியில் இருப்பவர் விருந்தினர்.

முதல் முறை நேட். மாடியில் இருப்பவர் வெளியே கடிதம் எழுதுகிறார். கல்லாவில் இருப்பவர் அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டுக் கடையின் முகவரியைப் போடுகிறார். யார் கொடுத்தது என்று தன் நோட்டில் குறித்துக்கொள்கிறார். பதில் கடைக்கு வரும், அவர் நோட்டைப் பார்த்து மாடிக்குக் கொடுத்தனுப்புவார். ஆனால் யாரோ ஓர் அந்நியர் தாமாகவே கடிதம் போட்டால்? நோட்டில் பதிவில்லை. கல்லாவோடு நின்றுவிடும். வெர்ச்சுவல்பாக்ஸ் நாம் எதையும் மாற்றாதவரை தருவது இந்த முறையைத்தான். விருந்தினரின் முதல் வலையட்டைக்கு வழக்கமாக 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். வெளியே போகும் வாயில் 10.0.2.2. இரண்டு விருந்தினர் கணினிகளை ஓட்டினால் இரண்டிலும் 10.0.2.15 என்றே காட்டும். மாணவர்கள் பதறுவார்கள். பதற ஒன்றுமில்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கல்லா, தனித்தனி நோட்டு.

வெளியாள் உள்ளே வந்தே ஆக வேண்டும் என்றால் கல்லாவில் சொல்லி வைக்க வேண்டும்: "2222 என்று குறித்து வந்தால் மாடியில் 22ஆம் கதவுக்கு அனுப்புங்க." இதுதான் துறை முன்னனுப்பல். யூனிக்ஸ் போன்ற வீட்டுக் கணினியில் 1024-க்குக் குறைந்த துறை எண்ணைச் சாதாரணப் பயனர் இதற்காகப் பிடிக்க முடியாது என்பதால்தான் 22-ஐ விட்டுவிட்டு 2222 போன்ற பெரிய எண்ணை எடுக்கிறோம்.

இரண்டாவது பால முறை. மாடிக்காரருக்கென்றே வாசலில் தனி அஞ்சல் பெட்டி. கடை வாசலில் அவர் பெயரும் இருக்கும். பள்ளியின் ரூட்டரே விருந்தினர் கணினிக்கு நேராக ஒரு முகவரி கொடுக்கும்; அதே வலையமைப்பில் இருக்கும் எல்லாக் கணினிகளும் அதைப் பார்க்கும். வசதி அதிகம். ஆபத்தும் அதிகம். சுலபமான கடவுச்சொல் வைத்த பயிற்சிக் கணினியைப் பள்ளி வலையமைப்பில் இப்படித் திறந்துவிடுவது, மாடிச் சாவியைத் தெருவில் தொங்கவிடுவது மாதிரி. வைஃபையில் இந்த முறை சில இடங்களில் ஒத்துழைக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, ஹோஸ்ட்-ஒன்லி. கடைக்கும் மாடிக்கும் நடுவில் ஓர் உள் தொலைபேசி. தெருவோடு தொடர்பே இல்லை. முகவரி பெரும்பாலும் 192.168.56 என்று தொடங்கும்; வீட்டுக் கணினி 192.168.56.1 ஆக இருக்கும்.

நான்காவது உள்வலை. மாடி அறைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். கல்லாவுக்குக்கூட அது கேட்காது.

நான்கில் எது நல்லது என்ற கேள்வியே தவறு. யார் யாரோடு பேச வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும். மாணவர் இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு சேதி கூடுதலாக. கடைவீட்டு உவமை கற்பனைதான், ஆனால் அந்தத் தெருவில் நேட் நிஜமாகவே இருக்கிறது. கடைக்குக் கடை வைஃபை ரூட்டர் செய்யும் வேலை இதே முகவரிப் பெயர்ப்புதான். பழைய இணைய முகவரி முறையில் மொத்தம் ஏறக்குறைய 429 கோடி முகவரிகள்தாம் உண்டு. அவை தீர்ந்துவிடும் என்று கண்டு 1994-இலேயே இந்த உத்தியை எழுதி வைத்தார்கள். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் பங்கிடப்பட்டன. மெய்நிகர்க் கணினி அந்த ரூட்டருக்குப் பின்னால் ஓடும்போது நேட்டுக்குள் ஒரு நேட் நடக்கிறது.

5. பெயர்ப்பும் மொழிபெயர்ப்பும்

நேட் என்பதன் விரிவை "வலையமைப்பு முகவரி மொழிபெயர்ப்பு" என்று எழுதுவது உண்டு. இயந்திர மொழிபெயர்ப்பு இப்படித் தருவதில் ஆச்சரியமும் இல்லை. முகவரிக்கு ஏது மொழி? ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தி வைப்பது 'பெயர்ப்பு'. அதையே மொழிக்குச் செய்தால் மொழிபெயர்ப்பு. இங்கே நடப்பது முகவரிப் பெயர்ப்பு. லினக்ஸ் உலகில் இதன் ஒரு வகைக்கு 'மாஸ்கரேட்' என்று பெயர். வேடம் கட்டுதல் என்று பொருள். நடப்பதும் அதுதான்: விருந்தினரின் கடிதம் வீட்டுக்காரரின் வேடத்தில் வெளியே போகிறது.

'ஹோஸ்ட்-ஒன்லி' என்பதை "விருந்தோம்பி மட்டும்" என்று மாற்றுவதும் இதே வகைப் பிழை. விருந்தோம்பி மட்டும் என்ன? மட்டும் இருக்கிறாரா, மட்டும் பேசுகிறாரா? ஆங்கிலத்தில் சொல்லாமல் விட்டதைத் தமிழ் வாக்கியம் கேட்கிறது. பதில் சொல்லாமல் நகர விடாது. "விருந்தோம்பியோடு மட்டும்" என்று மூன்றாம் வேற்றுமை உருபு ஒன்றைச் சேர்த்தால் பொருள் துலங்கிவிடுகிறது. வேற்றுமை உருபுகளை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

'அடாப்டர்' என்பதற்குத் 'தகவி' என்று ஒரு சொல் இருக்கிறது. உயிரியலில் 'தகவமைப்பு' படித்தவருக்கு ஓரளவு பிடிபடும். ஆனால் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டாலும் சிக்கல்தான். மஸ்ஜித் இந்தியாவில் கைப்பேசிக் கடையில் "அடாப்டர் இருக்கா?" என்று கேட்டால் சார்ஜர் முனையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பொருள் ஓர் அட்டை, வேலை வலையில் இணைப்பது. 'வலையட்டை' என்றாலே போதும். 'பிணையம்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை: இணைத்துக் கட்டுவது என்ற பொருளில் நல்ல சொல்தான், ஆனால் நாளிதழில் பிணை, பிணைக்கைதி என்று படித்துப் பழகிய மாணவருக்கு முதலில் நீதிமன்றம்தான் ஞாபகம் வரும். 'வலையமைப்பு' பாதுகாப்பானது.

6. வலையட்டையின் பெயரைப் பிரித்தல்

விருந்தினராக டெபியன் லினக்ஸை ஓட்டி, வலையட்டைகளின் பட்டியலைக் கேட்டால், வெர்ச்சுவல்பாக்ஸில் பொதுவாக இரண்டு விசித்திரப் பெயர்கள் வரும். ஒலிப்பின்படி எழுதினால்: ஈஎன்பி0எஸ்3, ஈஎன்பி0எஸ்8. மாணவர்கள் இதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள். தேவையே இல்லை, பிரித்துப் பார்த்தால் போதும். 'ஈஎன்' என்பது ஈதர்நெட் வகை. 'பி0' என்பது பாதை எண் 0. 'எஸ்3' என்பது செருகிடம் 3. ஆக, "0ஆம் பாதையில் 3ஆம் செருகிடத்தில் இருக்கும் ஈதர்நெட் அட்டை." இது இலக்கணப்படி பகுபதம் ஆகாது, ஆனால் பகுபத உறுப்பிலக்கணம் படித்த கண்ணுக்கு இந்தப் பிரிப்பு சிரமமே இல்லை.

முன்பு லினக்ஸில் 'ஈத்0', 'ஈத்1' என்று கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் பெயர் வைத்தார்கள். மறுமுறை கணினியைத் திறக்கும்போது வரிசை மாறினால் பெயரும் மாறிவிடும். அதனால் 2013 முதல் இருக்கும் இடத்தை வைத்துப் பெயரிடும் வழக்கம் பரவியது. ஃப்ரீ பி.எஸ்.டி.யில் அதே அட்டை 'ஈஎம்0' என்று வரும். அது அந்த அட்டையை ஓட்டும் இயக்கியின் பெயர். இரண்டுமே காரணப்பெயர்கள்தாம். ஒன்றில் காரணம் இடம், மற்றொன்றில் காரணம் இயக்கி. இணையத்தில் கிடைக்கும் ஒரு குறிப்பைப் பார்த்து அப்படியே 'ஈத்0' என்று தட்டிவிட்டு, "வரலையே சார்" என்று நிற்பவருக்குத் தேவைப்படுவது இந்த விளக்கம்தான்.

7. எதை மாற்றலாம், எதை வைத்துக்கொள்ளலாம்?

இங்கேதான் நம்மிடையே கருத்து வேறுபாடு வரும். எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். "எதுக்கு வம்பு, இங்கிலீஷ்லேயே விட்டுடலாம்" என்பது இன்னொரு பக்கம். மஸ்ஜித் இந்தியாவிலேயே இதற்கு ஒரு வழிகாட்டல் இருக்கிறது. 1863-இல் தொடங்கிய அந்தப் பள்ளிவாசல் தமிழ் முஸ்லிம்களால் உருவானது. அங்கே இன்றும் தமிழில் உரை நிகழ்கிறது. தமிழ் முஸ்லிம்களின் சொற்களைக் கவனியுங்கள். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் – தமிழ். ஜகாத், ஹஜ் – அரபு. யாரும் உட்கார்ந்து குழு அமைத்துத் தீர்மானித்ததல்ல, நூற்றாண்டுகளாகப் புழங்கி அமைந்தது. ஆனாலும் அதில் ஓர் ஒழுங்கைக் காணலாம். அன்றாடம் செய்யும் செயலுக்கும் நின்று பழகும் இடத்துக்கும் தமிழில் ஏற்கெனவே இருந்த சொல் பொருந்திக்கொண்டது. தனக்கென்றே விதிகள் கொண்ட தனி ஏற்பாட்டுக்கு மூலப்பெயரே நிலைத்தது.

அதே அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். முகவரி, வாயில், பாலம், விருந்தினர், வலையட்டை, துறை – இவை செயலையும் இடத்தையும் குறிப்பவை. தமிழில் சொன்னால்தான் விளங்கும். நேட், டி.எச்.சி.பி., ஐ.பி. – இவை தனி விதிகள் கொண்ட ஏற்பாடுகளின் பெயர்கள், அப்படியே இருக்கட்டும். திரையில் தெரியும் பட்டியல் பெயரையும் அப்படியே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மாணவர் எந்தப் பொத்தானைத் தேடுவார்?

இந்த அளவுகோலின்படி மூன்று வகை வாக்கியங்களை மதிப்பிடலாம். மூன்றும் வேறுபாட்டைக் காட்ட நான் எழுதியவை.

"விருந்தோம்பி மட்டும் தகவியினைத் தெரிவுசெய்து பிணையப் பொருத்தப்பாட்டினை நிலைநிறுத்துக." தூய தமிழ்தான். ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. திரையில் இந்தச் சொல் எதுவும் இல்லை.

"ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர செலக்ட் பண்ணி ஓகே குடுங்க, செகண்ட் கார்டு வந்துடும்." பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் வேலை நடக்கும். எழுத்தில் இது போதாது. ஏன் என்ற காரணம் இல்லை. போதாக்குறைக்கு, "வந்துடும்" என்பது எப்போதும் உண்மையும் இல்லை. விருந்தினர் கணினிக்குள் அந்த அட்டையை நாமே எழுப்பிவிட வேண்டி வரலாம்.

"இரண்டாவது வலையட்டையை 'ஹோஸ்ட்-ஒன்லி' முறையில் வையுங்கள். இதன் வழியாக உங்கள் கணினியும் விருந்தினர் கணினியும் மட்டும் பேசிக்கொள்ளும். இணையம் இதன் வழியே வராது." நீளம் கொஞ்சம் கூடுதல். ஆனால் செய்ய வேண்டியதும் காரணமும் எல்லையும் மூன்றும் இருக்கின்றன. என் மதிப்பெண் இதற்குத்தான்.

8. நமக்கு முன் நடந்தவை

இந்த வேலையில் நாம் வெறுங்கையோடு தொடங்கவில்லை. மலேசியத் தமிழருக்குக் கணினித் தமிழில் நல்ல பங்கு உண்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1980-களிலிருந்து வளர்ந்தது. உலகத் தமிழ் இணைய மாநாடு 2001-லும் 2013-லும் கோலாலம்பூரில் நடந்தது. தமிழ்நாட்டின் 12ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் வலையமைப்பு, களப்பெயர் முறை, வடமிடல், திறந்த மூலம் ஆகியவற்றைத் தனித்தனிப் பாடங்களாகவே வைத்திருக்கிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருளை எளிய தமிழில் எழுதிக்கொண்டே வருகிறது.

சிக்கல் என்னவென்றால், சொற்கள் நாட்டுக்கு நாடு பிரிந்து நிற்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'இயக்க அமைப்பு', இலங்கைப் பாடநூலில் 'பணிசெயல் முறைமை', கட்டுரைகளில் பரவலாக 'இயங்குதளம்'. மூன்றும் சரியான சொற்களே. ஒன்றைச் சரி என்றும் மற்றதைத் தவறு என்றும் விடைத்தாளில் சிவப்பு மை போடுவது நியாயமில்லை. ஒரு கட்டுரைக்குள் ஒரே சொல்லைக் கடைசிவரை பயன்படுத்தியிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். நாம் கேட்க வேண்டிய ஒழுங்கு அதுதான்.

தூய்மை பற்றிய விவாதத்தில் நாம் செலவிடும் நேரத்தில் கால்வாசியைத் தெளிவுக்குக் கொடுத்தாலே நிலைமை மாறும். கலைச்சொல் பட்டியல்கள் நம்மிடம் நிறைய; அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடத்திக்காட்டும் பத்திகள்தாம் குறைவு. கீழே அப்படி ஒரு பத்தி. படிவம் 4, 5 மாணவருக்குக் கருத்துணர்தல் பயிற்சியாகக் கொடுக்கலாம். கணினி ஆய்வகம் இருந்தால் செய்தும் பார்க்கலாம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டுங்கள்.

பயிற்சிப் பத்தி

"விருந்தினர் கணினியை முதலில் முழுமையாக நிறுத்துங்கள். அதன் அமைப்புகளில் வலையமைப்புப் பகுதியைத் திறந்து, முதல் வலையட்டையை 'நேட்' முறையிலேயே விடுங்கள். இணையம் இதன் வழியாக வரும். இரண்டாவது வலையட்டையை இயக்கி, 'ஹோஸ்ட்-ஒன்லி' முறையில் வையுங்கள். உங்கள் கணினியிலிருந்து விருந்தினரைத் தொடர்புகொள்ள இது உதவும். பிறகு விருந்தினர் கணினியைத் தொடங்கி, முகவரிப் பட்டியலைப் பாருங்கள். முதல் அட்டைக்கு 10.0.2.15 போன்ற முகவரி இருக்கும். இரண்டாவது அட்டையின் பெயர் தெரிந்தும் முகவரி இல்லாமலிருந்தால், அட்டை பழுதில்லை. அதை எழுப்பச் சொல்லி யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். டெபியனில் வலையமைப்புக்கான கோப்பில் அந்த அட்டையின் பெயரையும், முகவரியை டி.எச்.சி.பி. வழியாகப் பெற வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஃப்ரீ பி.எஸ்.டி.யில் இதே வேலை தொடக்க அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் முடியும். அட்டையை எழுப்பியபின் மறுபடி பட்டியலைப் பாருங்கள். 192.168.56 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், உங்கள் கணினியிலிருந்து அந்த முகவரிக்கு ஓர் அழைப்பு அனுப்பிச் சோதியுங்கள்."

வினாக்கள்

1. இரண்டு வலையட்டைகள் எதற்காகத் தேவைப்படுகின்றன? ஒவ்வொன்றின் பயனையும் சொந்த நடையில் எழுதுக.
2. 'அட்டை பழுதில்லை' என்று பத்தி உறுதியாகக் கூறுவதற்குக் காரணம் என்ன?
3. 'விருந்தோம்பி மட்டும்', 'விருந்தோம்பியோடு மட்டும்' – இவ்விரண்டின் பொருள் வேறுபாட்டை வேற்றுமை உருபைச் சுட்டி விளக்குக.
4. பத்தியில் முதல் அட்டை 'நேட்' முறைக்குப் பதிலாகப் பால முறையில் வைக்கப்பட்டால் ஏற்படக்கூடிய ஒரு நன்மையையும் ஓர் ஆபத்தையும் கூறுக.
5. உங்கள் வீட்டில் அன்றாடம் பயன்படும் ஒரு கருவியை இயக்கும் முறையை, கருவியில் எழுதியிருக்கும் பெயர்களை அப்படியே கொடுத்து, மற்றவற்றைத் தமிழில் எழுதி, 80 சொற்களில் விளக்குக. எழுதியதை நண்பரிடம் கொடுத்து, உங்களிடம் எதுவும் கேட்காமல் அவரால் கருவியை இயக்க முடிகிறதா என்று பார்க்கவும்.

ஐந்தாவது வினாவுக்கு மட்டும் விடைக்குறிப்பு கொடுக்கவில்லை என்று தேட வேண்டாம். நண்பர் கருவியை இயக்கிவிட்டால் முழு மதிப்பெண் போட்டுவிடுங்கள்.